பெட்டிக்குள் மறுகால் பாய்ந்த குளம்

ஒரு காலத்தில் தாமிரபரணி ஆற்றை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

பொய். நான் ஓட்டியது ஒரு டீசல் ஜெனரேட்டரை. அதையும் கரண்ட் போனால்தான் ஓட்டுவேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் எனக்குச் செருப்புக் காவல்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. கோயிலில்கூட கண்டும் காணாமல் போகிறவர்கள் உண்டு, அங்கே கிடையாது. தூசி பட்டால் பெட்டி செத்துப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டி வேர்த்துவிடக் கூடாது என்று அதற்குக் குளிர்மிஷின் வேறு. நாங்கள் வெளியே வராந்தாவில் வெந்துகொண்டிருப்போம். பாளையங்கோட்டையில் வாடகைக்கு எடுத்த மச்சு வீடு அது. ஒரு நாள் நான் கண்ணயர்ந்த நேரத்தில் நாய் வந்து ஓவர்சியர் அண்ணாச்சியின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த வேலையே பெரிசு. அதைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத ஆள் நான்.

மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி அது. அணையோ பாலமோ கட்டுவதற்கு முன்னால் அந்த ஆற்றையே கம்ப்யூட்டருக்குள் செய்து பார்ப்பார்கள். மாஞ்சோலை மலையில் இத்தனை மழை பெய்தால் புன்னக்காயலில் கடலுக்குள் போய் விழுகிறவரைக்கும் எந்தக் குளம் நிறையும், எந்தக் கரை தாங்கும், எந்தத் தெரு முழுகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். முழுகும் தெருவெல்லாம் படத்தில் சிவப்பாக வரும். அந்தப் படத்தை வைத்து, சிவப்புத் தெருக்காரர்களைக் கிளப்பி மேட்டில் கொண்டுபோய் வைப்பதாக சர்க்காரில் ஒரு திட்டம் இருந்தது.

ஆற்றை நெய்மீன் அறுப்பது மாதிரி துண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தரை எத்தனை உயரம், கரை எத்தனை உயரம் என்று எண்கள். அந்த எண்களையெல்லாம் தட்டி ஏற்றியவர் இன்ஜினியர் அம்மா. மெட்ராஸ்காரர், என் வயதுதான் இருக்கும், கல்யாணம் ஆகாதவர். எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார். பழைய குளத்து வரைபடங்களைப் பார்த்து அவருக்கு வாசித்துச் சொன்னவர் ஓவர்சியர் அண்ணாச்சி. வாய்க்கால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையரானவர், நெற்றியில் விபூதி அழியாத மனிதர்.

அங்கே வேலை என்றால் காத்திருப்பதுதான். காலையில் இன்ஜினியர் அம்மா ஒரு பொத்தானை அமுக்கினால் மலையில் மழை பிடிக்கும். அதன்பிறகு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பெட்டி முனகிக்கொண்டே கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் அம்பாசமுத்திரம் தாண்டியிருக்கும். சாயங்காலக் காப்பிக்குச் சீவலப்பேரி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது, பெருமூச்சு விடுகிற நேரத்துக்குத் தாங்கும். நான் விழுந்தடித்து ஓடி ஜெனரேட்டரைச் சுற்றிக் கிளப்புவதற்குள் கம்ப்யூட்டர் கண்ணை மூடியிருக்கும். கீழே வந்த தண்ணீரெல்லாம் திரும்பவும் மலை ஏறிவிடும். மறுநாள் முதலிலிருந்து மழை பெய்ய வேண்டும். அந்த அறையில் பெய்த மழையில் பாதிக்கு மேல் கடலையே பார்த்தது கிடையாது. இன்ஜினியர் அம்மா என்னைத் திட்டமாட்டார். அந்த அறையின் குளிரிலிருந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

என் ஊர் ஆற்றோடு கிழக்கே கொஞ்ச தூரம். நூறு வீடும் ஒரு குளமும். டீக்கடையில் ஒருத்தர், கம்ப்யூட்டர் ஆபீசில் உனக்கு என்னவே வேலை என்று கேட்டார். செருப்புப் பார்க்கிறேன் என்று சொல்ல நாக்கு வருமா? ஆற்றை ஓட்டுகிறேன் என்று சொல்லிவைத்தேன். சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுவாரமே ஒருத்தர் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து, அவர் வயல் பக்கம் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக விடச் சொன்னார். இன்னொருத்தர், பெட்டி எந்த ஊர், அதற்குச் சொந்தக்காரர்கள் யாரும் இங்கே உண்டா என்று கேட்டார். முருங்கைக்காயை நான் வாங்கிக்கொண்டேன். என் பெண்டாட்டி வைத்த சாம்பாருக்கு ஆயிற்று.

அப்போதுதான் ஓவர்சியர் அண்ணாச்சி ஒரு நாள் எங்கள் ஊர் டீக்கடையில் இறங்கி, டீயை ஆற்றிக்கொண்டே, படத்தில் எங்கள் ஊர்க் கீழத்தெரு முழுக்கச் சிவப்பாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழத்தெருவில்தான் என் அக்கா வீடு. அத்தான் பம்பாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. அக்கா இங்கே பீடி சுற்றிச் சுற்றியே நான்கு சுவரை எழுப்பிவிட்டாள். கூரையாக மட்டப்பா மட்டும் போடவேண்டும். கொத்தனாரிடம் பேசியாயிற்று, முட்டுக் கொடுக்கக் கம்பும் பலகையும் வந்து இறங்கியாயிற்று. அந்த நேரத்தில் இந்தச் செய்தி. இடிக்கப்போகிற வீட்டுக்கு மட்டப்பா போடுவார்களா? போடாமல் விட்டால் ஐப்பசி மழையைச் சுவர் தாங்குமா? கொத்தனார் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அக்கா ஒரு மூலையில் ஓலையைச் சார்த்தி, அதற்கு அடியில் அடுப்பை வைத்துக் குடியிருந்தாள்.

அவள் அழுகிற ஆள் இல்லை. நான் போனபோது பீடித்தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஏலே, ஆத்த ஓட்டுதேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியே. கொஞ்சம் பைய ஓட்டு. எந் தெருவ விட்டுட்டு அங்கிட்டு ஓட்டு."

சரி என்றேன்.  என் வேலையின் யோக்கியதையை அப்போதே சொல்லியிருக்கலாம். வாங்கித் தின்ற முருங்கைக்காய் விடவில்லை.

மறுநாள் வராந்தாவில், இன்ஜினியர் அம்மாவிடம் பைய இழுத்தேன். மேடம், எங்கள் கீழத்தெருவுக்கு எத்தனை பெரிய மழைக்கும் தண்ணீர் வந்தது கிடையாது, அதைச் சிவப்பு என்கிறார்களே என்று. அவர் கோபப்படவில்லை.

"நீங்க பார்த்த மழைக்கு வராதுங்க. நாங்க கணக்குப் போடறது நீங்க பார்க்காத மழைக்கு."

 பார்க்காத மழைக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? அப்படியே அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் ஒரு பீடியைச் சுற்றி முடித்து, நுனியை மடக்கி, தட்டில் வைத்தாள்.

"பாக்காத மழைக்குப் பாத்த வீட்ட இடிக்கணுமோ?"

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் சோர்வு. ஆபீசில் வராத தண்ணீருக்குக் காவல், ஊரில் வரப்போகிற தண்ணீருக்குப் பதில். அக்கா தெருவில் என்னைப் பார்த்தால் வானத்தைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். மேகம் கூடிக்கொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்ததும் இன்ஜினியர் அம்மா குளங்களை நேரில் பார்க்கக் கிளம்பினார். எங்கள் ஊர்க் குளமும் அதில் இருந்தது. எனக்கு மூளை வேலை செய்வது வருஷத்தில் ஒரு தடவைதான், அன்றைக்குச் செய்தது. மத்தியானச் சாப்பாட்டை என் அக்கா வீட்டில் வைத்துக்கொள்வோம் மேடம் என்றேன். சோறு உள்ளே போகும்போது அக்கா நேருக்கு நேர் கேட்டுக்கொள்ளட்டும், நடுவில் நான் எதற்கு என்று கணக்கு.

ஜீப் வந்து நின்றது. ஓவர்சியர் அண்ணாச்சி இறங்கினார். இன்ஜினியர் அம்மா இறங்கி வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றின கையோடு, பழக்கதோஷம், நான் குனிந்து இரண்டு பேர் செருப்பையும் எடுத்து, தூசி தட்டி, சுவரோரமாக நிழலில் ஜோடி சேர்த்து வைத்தேன். நாய் வருகிறதா என்று ஒரு பார்வை வேறு பார்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்தால் எதிரே அக்கா. அண்ணாச்சி வேறு சும்மா இருக்காமல், ஆபீசிலும் இவன்தான் எங்களுக்கெல்லாம் செருப்புப் பார்க்கிறான், கெட்டிக்காரன், ஒரே ஒரு தடவைதான் கோட்டைவிட்டான் என்று பாராட்டிவைத்தார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுதான் ஆத்த ஓட்டுத லெச்சணமாலே?" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியாகப் பிடித்திருந்த கொம்பும் முறிந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

கூரை இல்லாத வீட்டுக்குள், சுவர் நிழலில் பாய் விரித்து, இலை போட்டாள். புளிக்குழம்பு, கத்திரிக்காய் கூட்டு, பொரித்த அப்பளம். ஒரு காக்கா சுவர்மேல் வந்து உட்கார்ந்து அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அக்கா எதையும் கேட்கவில்லை. பரிமாறினாள். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று முடிவு பண்ணிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என் கணக்கு எப்போதும் இப்படித்தான், கடைசி வரியில் தப்பிவிடும்.

இரண்டாவது சோறு போட்ட பிறகு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மோரு மேலவீட்ல இருக்கு. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

இன்ஜினியர் அம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

மேலே வானம்தான் இருந்தது. அப்புறம் அந்தக் காக்கா. அவர் மறுபடி சுவர் ஓரமெல்லாம் ஏணி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், பாவம், கஷ்டத்தில் புத்தி கலங்கிவிட்டது போலிருக்கிறது என்கிற மாதிரி.

"மேல வீடா? மேல எங்கங்க வீடு?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "மேலன்னா மேக்க தாயி. மேக்கால அடுத்த வீடு. எங்க ஊர்ல எல்லாம் மேக்க இருந்தா மேல, கெழக்க இருந்தா கீழ."

நான் சிரித்தேன். மோர்ச் செம்போடு வந்த அக்காவும், கவலையை மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்ஜினியர் அம்மாவும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். கை சோற்றில் அப்படியே இருந்தது.

"அப்போ மேல மறுகால்னா?"

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் மறுகால். எங்கள் குளத்துக்கு இரண்டு மறுகால் உண்டு.

"மேக்க இருக்க மறுகாலு," என்றார் அண்ணாச்சி.

"கீழ மறுகால்?"

"கெழக்க இருக்கது."

"கீழத்தெரு?"

"கெழக்க இருக்க தெரு. பின்ன என்ன, பாதாளத்துலயா இருக்கு?"

அண்ணாச்சியின் சிரிப்பு அதோடு நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது. மோர் ஊற்ற வந்த அக்கா, ஊற்றவா வேண்டாமா என்று தெரியாமல் செம்போடு நின்றாள். இன்ஜினியர் அம்மாவின் கையில் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். இரண்டு மறுகாலின் உயரமும் ஒன்று கொஞ்சம் கூடுதல், ஒன்று கொஞ்சம் குறைவு என்று எண்ணாக வந்திருந்தது. எது எதனுடையது என்று அதில் இல்லை. படத்தைப் பார்த்து அண்ணாச்சி வாசித்தது பெயரை மட்டும்தான்: ஒன்று மேல மறுகால், ஒன்று கீழ மறுகால். மெட்ராஸ் காது அதைக் கேட்டு, மேல என்றால் உயரம், கீழ என்றால் பள்ளம் என்று எண்ணைப் பூட்டிவிட்டது. பெட்டிக்குள் குளம் நிறைந்ததும் தண்ணீர் பள்ளமான வழியைத்தானே தேடும்? கீழ மறுகாலில் பாய்ந்து, பக்கத்திலிருந்த கீழத்தெருவுக்குள் புகுந்துவிட்டது. பெயரே கீழத்தெரு என்று இருந்ததால் அது முழுகியது யாருக்கும் ஆச்சரியமாகவும் படவில்லை.

சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் குளத்துக்கு நடந்தோம். மூன்று கால் ஸ்டாண்டில் மட்டம் பார்க்கிற கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். எங்கள் குளத்தில் மேற்கு மறுகால்தான் பள்ளம், கிழக்கு மறுகால்தான் மேடு. வித்தியாசம் ஒரு சாண். அந்த ஒரு சாணில் என் அக்கா வீட்டு மட்டப்பா நின்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் சரியாகத்தான் வாசித்தேன், கேட்ட காதுக்கு நான் என்ன செய்யட்டும் என்று குளத்தைப் பார்த்துச் சொன்னார். "தப்பு என் மேலதாங்க," என்றார் இன்ஜினியர் அம்மா. இந்த மேல எந்த மேல என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். செருப்பு மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா? ஆற்றின் இரண்டு கரையிலும் எத்தனை குளம், எத்தனை மேலமடை, கீழமடை, மேலக்கால், கீழக்கால்! எல்லாம் அதே வாய் வாசித்து அதே காது கேட்டது. ஊர் ஊராகத் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். சில குளத்தில் மேல என்பது உண்மையாகவே மேடாக இருந்தது, சிலதில் இல்லை. ஒவ்வொன்றையும் அழித்துத் தட்டினார் இன்ஜினியர் அம்மா. நான் வராந்தாவில் உட்கார்ந்து அந்தத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றை ஒருத்தர் செங்கல் செங்கலாகப் பிரித்துத் திரும்பக் கட்டுகிற மாதிரி கேட்டது.

அக்காவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. இப்போதுதான் என் பதவி தெரிந்துபோயிற்றே. அவளும் கேட்கவில்லை. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் தூறல் விழுந்த அன்று சுவர் தலைமேல் ஓலையைக் கவிழ்த்துக் கல்லை வைத்துக்கொண்டிருந்தோம், நானும் அவளும். 

கடைசியில் மழையைத் திரும்ப ஓட்டுகிற நாள் வந்தது. அன்று நான் செருப்பு பக்கம் போகவே இல்லை. யார் செருப்பை எந்த நாய் கொண்டுபோனால் என்ன? காலையிலிருந்து ஜெனரேட்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். அம்பாசமுத்திரம் தாண்டியது. சேரன்மகாதேவி தாண்டியது. கரண்ட் போனது. அது போகிற சத்தம் வருவதற்குள் நான் சுற்றிவிட்டேன். உள்ளேயிருந்து முனகல் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

சாயங்காலம் இன்ஜினியர் அம்மா கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அத்தனை மாதத்தில் அந்த அறைக்குள் நான் போனது அன்றுதான். தரை சில்லென்று இருந்தது. திரையில் எங்கள் ஊர்க் குளம் நீலமாக நிறைந்து கிடந்தது. கிழக்கே ஒன்றுமில்லை. கீழத்தெரு, கட்டம் கட்டமாக, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்புறம் மேற்கே பார்த்தேன். மறுகால் ஓடை திரும்புகிற இடத்தில் கொஞ்சம் சிவப்பு.

"இது என்ன இடம்னு தெரியுதாங்க?" என்று கேட்டார்.

மேலத்தெரு. ஓடையை ஒட்டிய கடைசி வீடு. "எங்க வீடு மேடம்," என்றேன்.

அவர் கண்ணைக் கசக்கினார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த களைப்பைக் கேட்டிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லியிருக்கும்.

"வேண்டாம் மேடம். டீசல் இல்ல."

டீசல் இருந்தது.

அக்காவிடம் போய் தெரு தப்பித்துவிட்டது என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை தண்ணீரும் பின்னே எங்கே போகிறதாம் என்று கேட்டாள். மேற்கே என்றேன். மேற்கே என்றால் யார் வீடு என்று அவளுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து கொத்தனாரைத் தேடிப் போனாள். போகிறபோது திரும்பாமலே சொன்னாள்: "மட்டப்பா போட்டதும் ஒஞ் சாமானெல்லாம் இங்கன கொண்டாந்து வச்சிரு."

ஐப்பசி இறுகுவதற்கு முன்னால் மட்டப்பா போட்டுவிட்டார்கள். சிமெண்டுச் சட்டி தூக்கின வரிசையில் நானும் நின்றேன். என் பெண்டாட்டி வரவில்லை. அக்கா வீட்டைக் காப்பாற்றுவதற்காகக் கட்டின பெண்டாட்டி வீட்டுப் பக்கம் ஆற்றைத் திருப்பிவிட்டவர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றை நான்தான் ஓட்டினேன் என்று இன்றைக்கு வரைக்கும் நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

கம்பெனிக்காரர்கள் பெட்டியை வைக்கோலில் பொதிந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிவப்புப் படம் எந்த ஆபீஸ் அலமாரிக்குப் போனதோ, யாரும் வந்து யாரையும் கிளப்பவில்லை. கீழத்தெரு அப்படியே இருக்கிறது. இப்போதுகூட அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். வெளியே மழை. என் வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது தனிக் கூத்து. அதற்கடுத்த ஒரு ஐப்பசியில் மேல மறுகால் பாய்ந்தபோது, நானும் அவளும் ஆளுக்கொரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஓடையில்

அக்கா கூப்பிடுகிறாள்.

"ஏலே, மேல தண்ணி கெட்டி நிக்கி. வா."

எந்த மேல என்று கேட்டேன்.

"ஒந் தலைக்கு மேல. குழாய எல அடச்சிருக்கு, மட்டப்பா பூராம் தண்ணி. வாரியல எடுத்துட்டு ஏறி வா."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். மேலே வழுக்கும்.